சனி விரதமும் இருபத்தொரு கிலோமீற்றரும்

காலை ஆறரை மணிக்குத் தங்கமலர் புட்டுக்குள் வாழைப்பழத்தைப் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். சும்மா இல்லை, ரசித்துச் சாப்பிட்டாள். மேசையின் மற்றப் பக்கத்தில் பாலேந்திரா ஒரு கிளாஸ் தண்ணீரை முன்னால் வைத்துக்கொண்டு, அவள் விரல்கள் சாப்பாட்டுக் கோப்பைக்கும் வாய்க்குமாகப் போய்வருவதையே பார்த்துக்கொண்டிருந்தார். பழம் நன்றாகக் கனிந்த பழம். அந்த வாசம் வேறு மூக்கைத் தேடி வந்து தொலைத்தது.

"ஒரு பழமெண்டாலும் சாப்பிடுங்கோவன்" என்றாள் தங்கமலர்.

"விரதமெண்டு தெரியுந்தானே."

"ஓடப்போறியளப்பா. இருபத்தொரு கிலோமீற்றர்."

"பதினொரு வரியமா ஓடுறவனுக்கு நீர் கணக்குச் சொல்லித் தாறீரோ?"

தங்கமலர் எழுந்தாள். கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு வந்து, நெஞ்சில் குத்துகிற இலக்கத் தாளை எடுத்துத் தன் நீல ரீசேர்ட்டில் பொருத்தினாள். நாலு மூலைக்கும் நாலு ஊசி. பாலேந்திராவின் தாளில் இலக்கத்துக்குக் கீழே பாலேந்திரா என்று முழுப்பெயரும் இருந்தது. அவளுடைய தாளில் மலர் என்று மட்டும் அச்சடித்திருந்தார்கள். அவள் வேலை செய்யும் முதியோர் இல்லத்துச் சனந்தான் தங்கள் ஆட்கள் எல்லாருக்குமாகப் பதிந்தது. அங்கே அவளை அப்படித்தான் கூப்பிடுகிறார்களாம். கலியாணம் கட்டி இருபத்தேழு வருடத்தில் பாலேந்திரா அவளை அப்படிக் கூப்பிட்டதில்லை. தங்கமலர் என்றுகூடக் கூப்பிட்டதில்லை. வீட்டுக்குள் 'இஞ்சரும்', வெளியில் 'சாரங்கியின்ர அம்மா'. நாலு பேருக்கு முன்னால் பெண்சாதியின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிற வழக்கம் அவருடைய தகப்பனுக்கும் இருக்கவில்லை. அது ஒரு குறையென்று இவ்வளவு நாளும் அவருக்குத் தோன்றியதுமில்லை. இப்போது யாரோ ஊர்பேர் தெரியாதவன் அந்தப் பெயரை அச்சடித்து அவள் நெஞ்சில் குத்திவிட்டிருக்கிறான். பார்க்கப் பார்க்க எரிந்தது.

சில்க்போர்க் என்ற இந்த டேனிஷ் ஊரில் ஓடுகிற ஒரே தமிழன் பாலேந்திராதான் என்று ஒரு காலம் இருந்தது. யன்னல் செய்கிற தொழிற்சாலையில் வேலை. நாற்பத்துநாலாவது வயதில் கொலஸ்ட்ரோலுக்காக ஓடத் தொடங்கியவர், அந்த வருடமே ஊரின் அரை மரதனை ஒரு மணி ஐம்பத்திரண்டு நிமிடத்தில் ஓடி முடித்துவிட்டார். அதற்குப் பிறகு அவர் வெறும் பாலேந்திரா இல்லை, 'ஓட்டக்காரப் பாலேந்திரா அண்ணை'. கலியாண வீடுகளில் இளந்தாரிகள் முழங்கால் நோவுக்கு அவரிடம்தான் யோசனை கேட்பார்கள். தமிழ்ப் பள்ளிக்கூட மண்டபத்தில் அவர் மெடலோடு நிற்கிற படம் இப்போதும் தொங்குகிறது. பதினொரு மெடலையும் வரவேற்பறையில், சாமிப் படத்துக்குப் பக்கத்துச் சுவரில், வருகிற ஆட்களுக்கு வாசலிலேயே தெரிகிற மாதிரி மாட்டி வைத்திருக்கிறார். அதைத் தூசு தட்டுவது தங்கமலர்.

அந்தத் தங்கமலர் இரண்டு வருடத்துக்கு முன்னர் ஒரு செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து ஒரு மணித்தியாலம் பிந்தி வந்து, "வேலையிடத்தில ஓடுற குழு ஒண்டு துவங்கியிருக்கினம், நானும் சேந்திட்டன்" என்றாள். பாலேந்திரா சிரித்தார். நல்ல கறி வாய்த்த நாள்களில் சிரிக்கிற மாதிரி மனந்திறந்தே சிரித்தார். "உமக்கேனப்பா உந்தத் தேவையில்லாத வேலை? பஸ்ஸுக்கு ஓடினாலே மூச்சு வாங்குது" என்றார். அவளும் கூடச் சிரித்தாள். ஆனால் வியாழக்கிழமையும் பிந்தித்தான் வந்தாள். மாரி வந்தது, பனி கொட்டியது, அவள் விடவில்லை. குழுவை நடத்துகிறவன் ஹென்னிங் என்று அந்த இல்லத்தில் குழாய் திருத்தி, பல்பு மாற்றி, புல்லு வெட்டுகிறவன். வயது அறுபத்துமூன்று, மொட்டைத் தலை, தடி மாதிரித் தேகம். அவனைப் பார்த்து யாராவது பொறாமைப்படுவார்களா என்று நீங்கள் கேட்கலாம். பாலேந்திராவும் தன்னைத்தானே அப்படித்தான் கேட்டுக்கொண்டார். கேட்டென்ன? தங்கமலர் சமைத்துக்கொண்டே "ஹென்னிங் சொன்னவர், மேட்டில ஏறேக்க சின்னச் சின்ன எட்டாய் வைக்கட்டாம்" என்று சொல்லும்போது, பதினொரு வருடமாக வீட்டுக்குள்ளேயே ஒரு ஓட்டக்காரன் இருக்கிறான், அவனிடம் ஒரு சொல் கேட்கத் தோன்றவில்லையே என்று நினைத்து ரீவியின் சத்தத்தைக் கூட்டுவார். தான் சிரித்ததை அவர் மறந்துபோனார். அவள் மறக்கவில்லைப் போலும்.

ஆவணி மாதம் ஒருநாள், அவள் குளித்துக்கொண்டிருந்த நேரம், மேசையில் கழற்றி வைத்திருந்த மணிக்கூட்டைப் பாலேந்திரா எடுத்துப் பார்த்தார். அன்றைக்கு அவள் ஓடிய கணக்கு அதற்குள் இருந்தது. ஒரு கிலோமீற்றருக்கு ஐந்து நிமிடம் ஐம்பது செக்கன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். ஐந்து ஐம்பதேதான். அதை இருபத்தொன்றால் பெருக்கிப் பார்த்தார். போன வருடம் அவர் ஓடி முடித்தது இரண்டு மணி ஒன்பது நிமிடத்தில். பெருக்கி வந்த விடை அதைவிட ஆறு நிமிடம் குறைவாக இருந்தது. குளியலறையில் தண்ணீர் நின்ற சத்தம் கேட்டதும் மணிக்கூட்டை எடுத்த இடத்திலேயே, எடுத்த மாதிரியே வைத்துவிட்டுப் போய் ரீவியைப் போட்டார். அன்றிலிருந்து அவருக்கு நித்திரை சரியில்லை. இடது முழங்கால் வீங்குகிற சங்கதியை அவர் யாருக்கும் சொல்லவில்லை.

விரதக் கதை வந்தது தமிழ்ப் பள்ளிக்கூடத்தில். இந்த வருடம் அரை மரதன் புரட்டாசிச் சனிக்கிழமையில் வந்து விழுந்தது. பாலேந்திராவுக்கு ஏழரைச் சனி நடப்பதால் போன இரண்டு வருடமும் புரட்டாசிச் சனி விரதம் பிடித்தது தங்கமலர்தான். கோயிலில் எள்ளெண்ணெய் எரித்து, வீட்டுக்கு வந்து காகத்துக்குச் சோறு வைத்து, பிறகு ஒருநேரச் சாப்பாடு. அவளுடைய விரதத்தில் பாலேந்திராவின் பங்கு, பின்னேரம் வடை பாயசத்தோடு அந்தச் சாப்பாட்டில் தானும் இருப்பதுதான். பள்ளிக்கூட அதிபர் குணசேகரம், பெற்றோர்கள் எல்லாருமாகப் பதினாலாவது கிலோமீற்றரில் தண்ணீர் கொடுக்கப்போவதாகச் சொல்லிவிட்டு, "அண்ணை, இந்த முறை அக்காவும் ஓடுறாவாமே! வீட்டுக்குள்ளேயே போட்டியோ?" என்று கேட்டு மண்டபத்தையே சிரிக்க வைத்தார். தங்கமலர், "அதால இந்த முறை சனி பிடிக்கேல்லை. ஓடுறதெண்டால் சாப்பிடத்தானே வேணும்" என்றாள். பெண்கள் இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பாலேந்திரா வாயைத் திறந்தார். திறக்காமல் இருந்திருக்கலாம்.

"அவ பிடிக்காட்டி என்ன? நான் பிடிக்கிறன். விரதமும் பிடிச்சு, ஓடியும் காட்டுறன்."

மண்டபம் கைதட்டியது. தங்கமலர் கைதட்டவில்லை. அவள் அவரை ஒரு பார்வை பார்த்தாள், அவ்வளவுதான்.

இதுதான் பாலேந்திரா வெறும் வயிற்றோடு, ஓட்டம் தொடங்குகிற ஊர்ச் சதுக்கத்தில் நின்ற கதை. ஊரே அங்கே நின்றது. புகுமுக வகுப்புப் பிள்ளைகள் முகத்தில் வர்ணம் பூசிக்கொண்டு மேளம் அடித்தார்கள். முதியோர் இல்லத்து நீல ரீசேர்ட் கூட்டம் ஒரு மூலையில் கையைக் காலை ஆட்டிக்கொண்டிருந்தது. தங்கமலர் ஒற்றைக் காலில் நின்று தொடையை இழுத்துப் பிடித்தபோது விழப்பார்த்தாள். ஹென்னிங் தோளைக் கொடுத்தான், அவள் அதில் கையை ஊன்றிக்கொண்டு கதையை விடாமல் சிரித்தாள். வாயைத் திறந்து, தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள். வீட்டில் அவள் கையால் வாயைப் பொத்திச் சிரிப்பவள். டேனிஷில் சிரிக்கும்போது மட்டும் அந்தக் கை எங்கே போகிறது என்று பாலேந்திரா யோசித்தார். பிறகு யாருக்கும் சொல்லாமல் முன்வரிசைக்குப் போய், தன் வயதுக்குப் பொருந்தாத இளந்தாரிகளுக்கு நடுவில் நின்றுகொண்டார்.

வெடிச்சத்தம் கேட்டது. ஓடினார். ஏரிக்கரையோரம் காற்று நல்ல குளிர்ச்சியாக இருந்தது. முதல் ஐந்து கிலோமீற்றரைப் பார்த்திருந்தால் நீங்களே கைதட்டியிருப்பீர்கள். அப்படி ஓடினார். வெறும் வயிறு உடம்பை இலேசாக்கியிருக்கிறது, இது சனீஸ்வரன் தந்த பலன் என்று நினைத்தார். ஒவ்வொரு வளைவிலும் திரும்பிப் பார்த்தார். நீல ரீசேர்ட் தெரியவில்லை. எட்டாவது கிலோமீற்றரில் அவருக்கு ஒரு நினைப்பு வந்தது. அவளுக்குக் கால் பிரண்டால் என்ன? பெரிதாக ஒன்றும் வேண்டாம், இலேசாக, ஒரு கிழமை நொண்டுகிற அளவுக்கு. தான்தான் அவளைக் காரில் ஏற்றிக்கொண்டு போவதும், பனிக்கட்டி வைப்பதும், "நான் அப்பவே சொன்னனான்" என்று சொல்வதுமாக ஒரு முழுப்படமே மனதில் ஓடியது. சீ, என்ன மனிதன் நான் என்று வெட்கப்பட்டார். வெட்கப்பட்ட பிறகும் படம் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

காட்டுப் பாதையின் மேட்டில் ஏறும்போது கால் கனத்தது. பன்னிரண்டாவது கிலோமீற்றரில் மரங்கள் இருந்த இடத்தில் இருக்காமல் கொஞ்சம் அசைகிற மாதிரி இருந்தது. பதினாலாவதில் தமிழ்ச்சத்தம் கேட்டது. குணசேகரம் ஒலிபெருக்கியில் "அண்ணை வாறார்! ஓட்டக்கார அண்ணை வாறார்! சாப்பாடு தண்ணியில்லாமல், விரதத்தோட!" என்று கத்தினார். பெற்றோர்கள் ஆர்ப்பரித்தார்கள். மேசை நிறையப் பாதியாக வெட்டிய வாழைப்பழங்கள். மகள் சாரங்கி தண்ணீர் கொடுக்கவென்றே ஓகூஸ் நகரத்திலிருந்து வந்து, மஞ்சள் மேலங்கியோடு நின்றாள். அவர் முகத்தைப் பார்த்ததும் ஒரு பழத்தை உரித்து நீட்டி, "சாப்பிடுங்கள் அப்பா, உடனே" என்று டேனிஷில் சொன்னாள். பாலேந்திராவின் கை தன்பாட்டில் நீண்டது. அப்போது குணசேகரம் ஒலிபெருக்கியை இறக்கிவிட்டு, "பிள்ளை, அப்பா விரதமம்மா, அதைக் குடுக்காதை" என்றார். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாலேந்திரா கையை இழுத்து, தண்ணீரை மட்டும் எடுத்துக் குடித்தார். சாரங்கி உரித்த பழத்தைப் பிடித்தபடி அவர் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பதினாறாவது கிலோமீற்றரில், ஆற்றோரப் பாதையில், பின்னால் அந்தச் சிரிப்புக் கேட்டது. திரும்பாமலே அவருக்குத் தெரிந்தது. நாலைந்து பேரின் காலடி ஒரே தாளத்தில் வந்தது. அவர் இருந்த பலத்தையெல்லாம் காலுக்குக் கொண்டுவந்து இருபதடி வேகமாக ஓடினார். இருபதடிதான். அதற்குமேல் உடம்பு கேட்கவில்லை. நீல ரீசேர்ட்டுகள் இரண்டு பக்கத்தாலும் கடந்தன. ஹென்னிங் கடக்கும்போது அவர் முதுகில் மெதுவாகத் தட்டினான். தட்டாமல் போயிருந்தால் நன்றாயிருந்திருக்கும். தங்கமலர் மட்டும் நின்றாள்.

"என்ன செய்யுது? தலை சுத்துதோ?"

"ஒண்டுமில்லை. நீர் போம்."

"முகம் வெளிறிப்போச்சு. இதை வாயில போடுங்கோ." அரைக்கச்சைப் பையிலிருந்து திராட்சைச் சீனி வில்லை ஒன்றை எடுத்து நீட்டினாள். ஓடுகிறவர்கள் கொண்டுபோகிற, சதுரமான வெள்ளை வில்லை.

"விரதமப்பா."

தங்கமலர் அவரை நேரே பார்த்தாள். மூச்சு அவளுக்குச் சீராகத்தான் போய்வந்தது. நெற்றியில் வியர்வை. ஐம்பது வயது என்று யாரும் சொல்லமாட்டார்கள். இருபத்தேழு வருடமாகத் தன் வீட்டில் இருந்த முகம் இதுதானா என்று அவருக்குச் சந்தேகமாக இருந்தது.

"இந்த விரதம் சனீஸ்வரனுக்கோ, எனக்கோ?" என்று கேட்டாள்.

அவர் ஆற்றைப் பார்த்தார். தூரத்தில் யாரோ பெண்குரலில் "மலர்!" என்று கூப்பிட்டார்கள். அவள் வில்லையை அவர் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடித்துவிட்டாள்.

"நான் நிக்கட்டோ?"

நில் என்று சொல்லத்தான் பாலேந்திராவின் நெஞ்சு முழுக்கத் துடித்தது. நின்றால் அவளும் தோற்றமாதிரித்தான், இரண்டு பேரும் ஒன்றாக நடந்து போகலாம், மனிசன் ஏலாமல் போனதால் அவளும் விட்டுவிட்டாள் என்று சனம் சொல்லும், நல்லாயிருக்கும். "உம்மை ஆர் மறிச்சது? போம்" என்றார். அவள் நிற்பாள் என்று நினைத்துத்தான் சொன்னார். அவள் தலையாட்டிவிட்டு ஓடினாள். வளைவு வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு தடவையாவது திரும்புவாள் என்று எதிர்பார்த்தார். இவ்வளவு வருட ஓட்டத்தில், காத்து நின்ற அவளைத் தான் எத்தனை தடவை திரும்பிப் பார்த்திருக்கிறார் என்பது அப்போது ஞாபகத்துக்கு வரவில்லை.

ஆற்றைப் பார்த்து நீளமான மர வாங்கு ஒன்று போட்டிருந்தது, அதில் உட்கார்ந்துவிட்டார். பின்னால் வந்தவர்கள் எல்லாரும் அவரைக் கடந்து போனார்கள், பிள்ளைத்தள்ளுவண்டியோடு ஓடிய ஒருத்தி உட்பட. கையைத் திறந்தார். வில்லை வியர்வையில் ஓரம் கரைந்திருந்தது. இந்த ஊர்க் காகம் ஒன்று, பிடரி நரைத்த சின்னச் சாதி, தத்தித் தத்தி வாங்குக்குக் கிட்ட வந்து தலையைச் சரித்துப் பார்த்தது. பாலேந்திரா சுற்றுமுற்றும் பார்த்தார். தமிழர் ஒருவரும் இல்லை. வில்லையை இரண்டாக உடைத்து ஒரு பாதியைக் காகத்துக்குப் போட்டார். அது கிட்ட வந்து அலகால் புரட்டிப் பார்த்துவிட்டு, வேண்டாமென்று பறந்துவிட்டது. முறைக்குக் காகத்துக்கு வைத்தாயிற்று, தின்பதும் விடுவதும் அதன் பாடு என்று மற்றப் பாதியை வாயில் போட்டுக்கொண்டார். அவ்வளவு இனிப்பை அவர் வாழ்நாளில் சாப்பிட்டதில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது, அது இனிப்பாலா வேறு எதனாலா என்று கேட்கிற நிலைமையில் அவர் இல்லை.

அந்த இடத்திலிருந்து சதுக்கத்துக்குக் குறுக்குப் பாதையில் கால்மணி நேர நடை. இலக்கத் தாளைக் கழற்றி மடித்துக் காற்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு நடந்தார். பைகள் வைத்திருந்த கூடாரத்தில் தங்கள் பையை வாங்கினார். மேலே அவளுடைய சாம்பல் நிற ஜக்கெற் இருந்தது. வருடாவருடம் அவர் ஓடி முடிக்கும்போது தங்கமலர் நிற்கிற இடம் அவருக்குத் தெரியும். பேக்கரிக்கு முன்னாலுள்ள விளக்குக் கம்பத்தடி. அவருடைய ஜக்கெற், சுடுதண்ணீர்ப் போத்தல், செருப்பு எல்லாவற்றோடும் நிற்பாள். வேறிடம் தேட அவருக்குத் தோன்றவில்லை, போய் அங்கேயே நின்றார்.

நின்ற பிறகுதான் தெரிந்தது, அந்த இடத்திலிருந்து ஒன்றுமே தெரியாது. ஓட்டம் வருகிற தெருவைப் பெரிய விளம்பரச் சீலை மறைத்துவிடுகிறது. சீலைக்கும் முடிவுக் கோட்டுக்கும் இடையில் பத்துப் பதினைந்து அடிதான் கண்ணில் படும். ஓடுகிறவன் அந்தப் பத்தடியைத் தாண்ட இரண்டு செக்கன் எடுக்கும். அந்த இரண்டு செக்கனுக்காக இரண்டு மணித்தியாலம். "கண்டனீரோ, நல்லா ஓடினனோ?" என்று அவர் கேட்பார். "கண்டனான், நல்லா ஓடினியள்" என்பாள். ஒரு வருடம் நல்ல மழை. அவர் கோட்டைத் தாண்டுகிற படத்தை அவள் சரியாக எடுக்கவில்லையென்று காரில் வீடு போகும்வரை ஏசினார். பாலேந்திரா ஜக்கெற்றைக் கைமாற்றிப் பிடித்துக்கொண்டார்.

முடிவுக் கோட்டுக்கு மேலே ஓட்ட மணிக்கூடு இரண்டு மணி மூன்று நிமிடம் காட்டியது. பிந்தவேண்டும் என்று மனம் சொன்னது. இவ்வளவும் விளங்கிய பிறகும் அந்த மனம் அதைத்தான் சொன்னது. இரண்டு ஒன்பதைத் தாண்டினால் போதும், போன வருடத்துப் பாலேந்திராவாவது மிஞ்சுவான். இரண்டு நாலு. இரண்டு ஐந்து. சீலையின் கரையில் ஒரு நீல நிறம் வந்தது.

"இஞ்சரும்!" என்று கத்தினார்.

மேளச்சத்தத்தில் அது எடுபடவில்லை. பக்கத்தில் நின்ற கிழவி மட்டும் திரும்பிப் பார்த்தாள். வேலியோரம் முழுக்க முதியோர் இல்லத்துச் சனம், சக்கர நாற்காலியில் நாலைந்து வயோதிபர்கள், கையில் சின்னச் சின்ன டேனிஷ் கொடிகள், "மலர்! மலர்!" என்று ஒரே கூக்குரல். தங்கமலர் அந்தப் பக்கம் கையை ஆட்டிக்கொண்டு வந்தாள். விளக்குக் கம்பத்தடியை அவள் பார்க்கவில்லை. ஏன் பார்ப்பாள்? அங்கே நிற்கிறவள் இன்றைக்கு ஓடிக்கொண்டிருக்கிறாள். இன்னும் நாலடி இருந்தது. பாலேந்திரா வேலியில் ஏறாத குறையாக எட்டிக்கொண்டு, தொண்டை கிழிய, நாலு பேரல்ல, நாலாயிரம் பேருக்கு முன்னால் கூப்பிட்டார்.

"மலர்!"

அவள் திரும்பினாள். சிரித்த முகத்தோடு, கூப்பிட்டது யாரென்று வேலியோரத்து முகங்களை ஒவ்வொன்றாகத் தேடினாள். சாம்பல் நிற ஜக்கெற்றை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்ற பாலேந்திராவின் முகத்துக்கும் அந்தப் பார்வை வந்தது, வந்து, அவரைத் தாண்டி அடுத்த முகத்தில் தேடிக்கொண்டு போயிற்று.